ஸ்பெயின் பழைய ஊருங்களுக்கு ரயில்லயும் கார்லயும் ஜோடியா போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மாட்ரிட் ஏர்போர்ட்ல இறங்கின கையோட ஒரு காரை எடுத்துட்டு, டொலேடோ, கோர்டோபா, செவில், கிரனாடானு எல்லாத்தையும் அதுலயே சுத்திட்டு, திரும்ப மாட்ரிட்லயே கொண்டு வந்து விட்டுடலாம்னுதான் நெறைய பேர் பிளான் போடறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. இந்த ஊருங்க எல்லாம் ரோமானியர் காலத்துலயும் அரபு அரசர்கள் காலத்துலயும் உருவானது, ரெண்டு பேர் சேர்ந்து கைய வீசி நடந்தாலே சுவர் இடிக்கற சந்துங்க, அங்க காரை வச்சுக்கிட்டு திண்டாடத்தான் முடியும். பெரிய ஊர்லேர்ந்து பெரிய ஊருக்கு ரயில், ரயில் ஒழுங்கா போகாத மலைக்கும் கிராமத்துக்கும் மட்டும் கார். இதை முடிவு பண்ணிட்டு அப்புறமா மத்ததை யோசிங்க.

ரயில் ஏன்னு கேட்டா, மாட்ரிட் - செவில் அதிவேக லைன் 1992-லயே வந்துடுச்சு, செவில்ல உலகப் பொருட்காட்சி நடந்த வருஷம், ஸ்பெயின்ல அதுதான் முதல் அதிவேக லைன். கோர்டோபா அந்த லைன்லயே இருக்கறதால மாட்ரிட்லேர்ந்து ஒன்னே முக்கால் மணி நேரம் போல தான் ஆகும், அங்கேர்ந்து செவில் முக்கால் மணி நேரம். இதே தூரத்தைக் கார்ல போனா கோர்டோபாவுக்கே நாலு மணி நேரம் ஓட்டணும். கிரனாடாவுக்கு அதிவேக ரயில் 2019-ல தான் வந்துச்சு, அதனால அதுக்கு முன்னாடி வந்த கைடு புக்கைப் பாத்து பஸ்ஸே கதினு நினைச்சுடாதீங்க.

ரயில்ல நடக்கற பெரிய தப்பு ஸ்டேஷன் பேரைச் சரியாப் பாக்காம விடறதுதான். மாட்ரிட்ல பெரிய ஸ்டேஷன் ரெண்டு. தெற்குப் பக்கம் போற வண்டிங்க, அதாவது டொலேடோ, கோர்டோபா, செவில், கிரனாடா எல்லாம் பெரும்பாலும் அதோச்சாலேர்ந்து கெளம்பும், செகோவியா, சலமாங்கா பக்கம் போறதுங்க சமார்த்தின்லேர்ந்து கெளம்பும். ஹோட்டல் புக் பண்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு எந்த ஸ்டேஷன்னு பாத்துக்கணும், விடியக்காலை வண்டியா இருந்தா இன்னும் முக்கியம். டொலேடோ அதோச்சாலேர்ந்து அரை மணி நேரம் சொச்சம் தான், ஆனா அந்த லைன் அங்கயே முடிஞ்சுடும், டொலேடோலேர்ந்து கோர்டோபாவுக்கு நேர் ரயில் கெடையாது, திரும்ப மாட்ரிட் வந்துதான் மாறணும். செகோவியால அதிவேக ரயில் நிக்கற கியோமார் ஸ்டேஷன் ஊருக்கு வெளிய பொட்டல்ல இருக்கு, அங்கேர்ந்து 11-ஆம் நம்பர் பஸ் புடிச்சாதான் ஊருக்குள்ள இருக்கற ரோமன் அக்வடக்ட், அதாவது தண்ணி கொண்டு வர்றதுக்குக் கட்டின கல் பாலம், அது கிட்ட போய்ச் சேரலாம். ஆன்டெகேரா சாந்தா ஆனானு ஒரு ஸ்டேஷன் இருக்கு, பேரை நம்பி எறங்கினீங்கனா ஊரு அங்கேர்ந்து 15 கிலோமீட்டருக்கு மேல.

டிக்கெட்டை அன்னிக்குப் போய் எடுத்துக்கலாம்னு விடாதீங்க, ஃபிளைட் மாதிரி தான் இங்க ரயில் விலையும், நாள் நெருங்க நெருங்க ஏறும். ரென்ஃபே அரசாங்க கம்பெனி, அதுகூட ஊய்கோ, இரியோனு வேற ரெண்டு கம்பெனிங்களும் முக்கியமான ரூட்டுங்கள்ல ஓட்டறாங்க, மூணையும் பாத்துட்டு எடுங்க. ஆனா விலை கம்மியா இருக்கற டிக்கெட்ல என்னென்ன இல்லனு படிச்சுப் பாருங்க. ரென்ஃபேல பேசிக்கோங்கற கட்டணத்துல சீட் நீங்களா தேர்வு பண்ணணும்னா தனியா காசு, ஜோடியா பக்கத்துல பக்கத்துல உக்காரணும்னு நெனைக்கறவங்க அந்தக் காசைக் குடுத்துடறது நல்லது. ஊய்கோல பெரிய பெட்டிக்குத் தனிக் காசு. அப்புறம் அதிவேக ரயில் ஸ்டேஷன்ல பெட்டியெல்லாம் எக்ஸ்ரே மெஷின்ல போட்டு எடுத்துட்டுத்தான் உள்ள போகணும், வண்டி கெளம்பறதுக்குச் சில நிமிஷம் முன்னாடியே கேட்டையும் மூடிடுவாங்க. நம்ம ஊர்ல ஓடுற ரயில்ல தொத்திக்கற மாதிரி எல்லாம் அங்க முடியாது, அரை மணி நேரம் முன்னாடி போயிடுங்க.

இப்போ கார். எங்க எடுக்கணும், எங்க விடணும்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. என்னைக் கேட்டா கோர்டோபாவையும் செவிலையும் ரயில்லயும் நடந்தும் முடிச்சுட்டு, ஊரை விட்டுக் கெளம்புற காலையில செவில் சாந்தா ஹுஸ்தா ஸ்டேஷன்லயே காரை எடுங்க, வாடகைக் கார் கவுன்டருங்க அங்கயே இருக்கு. அங்கேர்ந்து ஸஹாரா, க்ரஸலேமானு வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு அடிச்ச மலைக் கிராமங்க வழியா ரோண்டாங்கற மலை ஊருக்குப் போங்க. 1793-ல கட்டி முடிச்ச பாலம் ஒண்ணு அங்க பள்ளத்தாக்குக்கு மேல 98 மீட்டர் உயரத்துல நிக்குது, மேலேர்ந்து மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, கீழ எறங்குற பாதையில கொஞ்ச தூரமாவது போய் நிமிந்து பாருங்க, அப்பதான் அந்தக் கல்லு வேலையோட அளவு புரியும். ராத்திரி ரோண்டாலயே தங்கிட்டு மறுநாள் கிரனாடா போய் காரை விட்டுட்டா, அங்கேர்ந்து மாட்ரிட்டுக்கு ரயில். எடுத்த ஊர் ஒண்ணு விடற ஊர் ஒண்ணுனா கூடுதல் காசு கேப்பாங்க, அதை முன்னாடியே பாத்துக்கங்க, இருந்தாலும் வந்த வழியே திரும்ப ஓட்டறதுக்கு அது மேல்.

ரோமானிய மிச்சங்கள் மேல ஆசை இருக்கறவங்களுக்கு இதை விட நல்ல ரூட் ஒண்ணு இருக்கு, ஆனா பெருசா யாரும் போறதில்ல. செவில்லேர்ந்து வடக்க மேரிதா, காஸெரெஸ், சலமாங்கானு ஏ-66 ரோடு போகுது, பழைய ரோமானியப் பாதையை ஒட்டியே, இந்த வழியில டோலும் கெடையாது. மேரிதாவை ரோமானியர்கள் கிமு 25-ல உருவாக்குனாங்க, அங்க இருக்கற தியேட்டர்ல இன்னிக்கும் கோடையில நாடகம் போடறாங்க. இந்தப் பக்கம் ரயில் கம்மி, இருக்கறதும் மெதுவு, அதனால கார் எடுக்கறதுக்கு அர்த்தம் இருக்கற ரூட் இது.

கார் புக் பண்றப்போ ஆட்டோமேட்டிக்னு நீங்க குறிப்பா சொல்லலனா மேனுவல் தான் வரும். வலது பக்கம் ஓட்டணும், ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில, இதுல மலை ரோடு வேற, அதனால இந்தியாவுலயோ இலங்கையிலயோ ஓட்டிப் பழகுனவங்க கொஞ்சம் காசு ஜாஸ்தியானாலும் ஆட்டோமேட்டிக் எடுத்துடுங்க. ஒரிஜினல் லைசென்ஸோட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேணும், இந்தியாவுல ஆர்டிஓல வாங்கணும், ஒரு வருஷம் செல்லும், கெளம்பற வாரத்துல போய் நிக்காதீங்க. டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு யார் ஓட்டறாங்களோ அவங்க பேர்ல இருக்கணும். புருஷன் பேர்ல புக் பண்ணிட்டு கார்டு மட்டும் பொண்டாட்டி பேர்ல இருந்தா கவுன்டர்ல சாவி குடுக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் ஓட்டறதா இருந்தா ரெண்டாவது ஆள் பேரையும் எழுதணும், அதுக்கும் தனிக் காசு, ஆனா அதை மிச்சம் பண்ணாதீங்க, ஒருத்தரே முழுக்க ஓட்டினா அவருக்கு ரோட்டைத் தவிர ஒண்ணும் பாக்கக் கெடைக்காது, சாயங்காலம் ஆனா கடுப்பு தான் மிஞ்சும்.

ஓட்டறப்போ ரவுண்டானாதான் கவனம். உள்ள சுத்திட்டு இருக்கற வண்டிக்குத்தான் முதல் உரிமை, சுத்தற திசையும் நமக்குத் தலைகீழ். ஹைவேல 120, சாதா ரோட்டுல 90, ஊருக்குள்ள ஒரு திசைக்கு ஒரே லேன் இருக்கற தெருவுல 30 தான், இது 2021-லேர்ந்து சட்டம், கேமராவும் நெறைய. பெட்ரோலா டீசலானு சந்தேகமா இருந்தா டேங்க் மூடியைத் திறந்து பாருங்க, வட்டம் போட்ட ஸ்டிக்கர்னா பெட்ரோல், சதுரம்னா டீசல், பங்க்லயும் அதே குறி இருக்கும். 2026 ஜனவரியிலேர்ந்து வண்டி நின்னுபோனா கூரை மேல வைக்கற மின்னுற விளக்கு கார்ல இருக்கணும்னு ஆக்கிட்டாங்க, சாவி வாங்கறப்பவே அது எங்க இருக்குனு கேட்டுக்கங்க.

ஜோடிங்களுக்கு அதிகமா காசு போற இடம் பழைய ஊருக்குள்ள காரை விடறதுல. 2021 சட்டப்படி 50,000 பேருக்கு மேல இருக்கற ஊருங்கள்ல எல்லாம் குறைந்த புகை மண்டலம், அதாவது புகை அதிகம் விடற வண்டிங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கற பகுதி, கொண்டு வரணும், அதுக்கு மேல பழைய பகுதிக்குனு தனிக் கட்டுப்பாடும் இருக்கு. கிரனாடாவுல அல்பைசின்ங்கற பழைய அரபுக் குடியிருப்பு மேட்டை எடுத்துக்கங்க. கூகுள் மேப் பாட்டுக்கு லெஃப்ட் எடு ரைட் எடுனு சொல்லிட்டே இருக்கும், தெரு கூழாங்கல் பதிச்சது, போகப் போக குறுகும், ரெண்டு பக்கமும் வெள்ளைச் சுவர்ல பழைய வண்டிங்க உரசின கோடுங்க தெரியும், முன்னாடி ஒரு இரும்புத் தூண் தரையிலேர்ந்து நீட்டிட்டு நிக்கும், பின்னாடி சின்ன சிவப்பு பஸ் வந்து நிக்கும். இதுக்குள்ள கேமரா உங்க நம்பர் பிளேட்டை எடுத்திருக்கும், யாரும் அங்க நிறுத்திக் கேக்க மாட்டாங்க. ஊருக்கு வந்து சில வாரம் கழிச்சு அபராத நோட்டீஸும், விவரம் குடுத்ததுக்கு வாடகைக் கார் கம்பெனி போடற சர்வீஸ் கட்டணமும் சேர்ந்து வரும். அதனால ஹோட்டலுக்கு முன்னாடியே மெயில் போட்டு கார்ல வந்தா எந்தத் தெரு வழியா வரணும்னும், நம்பரை அவங்க பதிவு பண்ணுவாங்களானும் கேளுங்க. அதைவிட நல்லது, காரை ஓரத்துல இருக்கற பார்க்கிங்ல விட்டுட்டு இல்ல கம்பெனியிலயே ஒப்படைச்சுட்டு, பிளாஸா நுவேவா சதுக்கத்துலேர்ந்து சி31 பஸ்ல மேல போயிடறது. மலைக் கிராமங்கள்லயும் இதே கதைதான், அடிவாரத்துல பார்க்கிங் இருக்கும், அங்கயே விட்டுட்டு ஏறுங்க. சீட்ல பை எதையும் வச்சுட்டுப் போகாதீங்க, கண்ணாடியை உடைச்சு எடுக்கறது டூரிஸ்ட் பார்க்கிங்ல நடக்கற விஷயம்.

அல்ஹம்ப்ரா, கிரனாடாவுல அரபு அரசர்கள் கட்டின கோட்டை அரண்மனை. இதுக்காகவே ஸ்பெயின் போறவங்க இருக்காங்க, அப்படிப் போயும் வெளியவே நின்னு பாத்துட்டு வர்றவங்களும் இருக்காங்க. ஃபிளைட் டிக்கெட் எடுத்ததும் அடுத்ததா எடுக்க வேண்டியது அல்ஹம்ப்ரா டிக்கெட், ரயிலு ஹோட்டலு எல்லாம் அதுக்கு அப்புறம், அந்தத் தேதிக்கு ஏத்த மாதிரி. அதிகாரப்பூர்வ தளத்துல எடுங்க, ரெண்டு பேரோட பாஸ்போர்ட்ல இருக்கற பேரும் நம்பரும் சரியா இருக்கட்டும், பாஸ்போர்ட்டை ஹோட்டல் லாக்கர்ல வச்சுட்டுப் போகாதீங்க, உள்ள ஒவ்வொரு எடத்துலயும் கேப்பாங்க. தோட்டத்தையும் கோட்டையையும் உங்க இஷ்டத்துக்குப் பாக்கலாம், ஆனா நஸ்ரித்ங்கற அரச வம்சத்தோட அரண்மனைக்கு மட்டும் டிக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்குத்தான் போகணும், அதைத் தவறவிட்டா அவ்ளோதான். நெறைய பேர் மெயின் வாசல்ல நுழைஞ்சு முதல்ல ஹெனராலிஃபே தோட்டத்துல மெய்மறந்து நின்னுடறாங்க, அங்கேர்ந்து அரண்மனை வாசலுக்கு வேகமா நடந்தாலும் கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். நேரத்தை ஒட்டி வர்றவங்க கையில டிக்கெட் இருந்தா நியாய வாசல்னு ஒண்ணு இருக்கு, அது வழியா வாங்க, அரண்மனைக்குப் பக்கம். உள்ள போனதும் ஃபோனை எடுத்து சிங்க முற்றத்துக்கு ஓடாதீங்க, சுவரைப் பாருங்க, கடவுளைத் தவிர வெற்றி பெறுபவர் யாருமில்லைங்கற அரபு வரி பூ வேலைக்கு நடுவுல திரும்பத் திரும்ப வரும். 1492 ஜனவரி 2-ஆம் தேதி இதே எடத்தைக் கடைசி நஸ்ரித் சுல்தான் ஒப்படைச்சுட்டுப் போனாருங்கறதைத் தெரிஞ்சுக்கிட்டு அதைப் பாத்தா மனசு என்னமோ பண்ணும்.

கோர்டோபால மசூதியா இருந்து சர்ச்சா மாறின மெஸ்கீட்டாவுக்கு ஞாயிறு தவிர மத்த நாள்ல காலை எட்டரைக்கெல்லாம் போயிடுங்க, அந்த ஒரு மணி நேரம் இலவசம், அதை விட முக்கியம் கூட்டம் இல்லாம அந்த 850-க்கும் மேல இருக்கற தூணுங்களுக்கு நடுவுல நிக்கலாம். திங்கட்கிழமை எந்த ஊர்ல இருப்பீங்கனு கணக்கு போடுங்க, கோர்டோபா பக்கத்துல இருக்கற மெதினா அஸஹாராங்கற பழைய அரண்மனை நகரத்தோட இடிபாடு அன்னிக்கு லீவு, மேரிதா ரோமன் மியூசியமும் அப்படித்தான். ஜூலை ஆகஸ்ட் வேணவே வேணாம், சென்னை வெயில் பாத்தவங்கதான் நாங்கனு சொல்லாதீங்க, 2021 ஆகஸ்ட்ல கோர்டோபா மாகாணத்துல 47.6 டிகிரி பதிவாயிருக்கு. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற புனித வாரத்துல செவில் ஊர்வலம் பாக்கணும்னே போறீங்கனா சரி, தெரியாம அந்த வாரத்துல மாட்டினா ரூம் வாடகையும் கூட்டமும் தாங்காது.

ஒரு ராத்திரிக்கு ஒரு ஊருனு போடாதீங்க. பெட்டியைக் கட்டறதும் பிரிக்கறதுமாவே போயிடும், சண்டையும் அதுலதான் வரும். செவில்ல மூணு ராத்திரி, கிரனாடாவுல ரெண்டாவது இருங்க. டொலேடோவைப் பகல்ல போயிட்டு வரலாம், ஆனா டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் சாயங்காலம் கெளம்பிடும், அதனால ஒரு ராத்திரி அங்க தங்கறதுக்கு எடம் இருந்தா தங்குங்க. கீழேர்ந்து ஊருக்குள்ள ஏறுறதுக்கு எஸ்கலேட்டரே வச்சிருக்காங்க, பெட்டியை இழுத்துட்டு மேடு ஏற வேணாம்.

சாப்பாட்டு நேரம் நமக்கு ஒத்து வராது, மதியச் சாப்பாடு பெரும்பாலும் ரெண்டு மணி போல தான், ராத்திரி ஒன்பது ஆகும். மதியம் மெனு தெல் தியானு ஒரு செட் சாப்பாடு போடுவாங்க, வார நாள்ல வயிறும் நிறையும் காசும் மிச்சம், பெரிய சாப்பாட்டை அதுல வச்சுக்கிட்டு ராத்திரி லேசா முடிச்சுக்கங்க. சைவம்னு மட்டும் சொல்லி விட்டுடாதீங்க, சாலட்ல டூனா போட்டுடுவாங்க, கோர்டோபாவோட சல்மொரேஹோங்கற குளிர்ந்த சூப் தக்காளிதான், ஆனா மேல பன்னிக்கறியும் முட்டையும் தூவி வரும், இறைச்சி வேணாம் மீன் வேணாம்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. செவில்ல கொண்டைக்கடலை போட்ட கீரை, கோர்டோபாவுல தேன் ஊத்தின கத்திரிக்கா பொரியல், இது ரெண்டும் அனேகமா எல்லா இடத்துலயும் கெடைக்கும்.