‘ஷீப்’ என்றதும் ‘ஆடு’ என்று எழுதிவிடாதீர்கள்

ஆங்கிலத்தில் ‘ஷீப்’ என்ற சொல்லைக் கண்டதும் ‘ஆடு’ என்று எழுதிவிடுகிறோம். மொழிபெயர்ப்பில் பல சிக்கல்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. தமிழில் ஆடு என்பது செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பொதுப்பெயர். ஆங்கிலப் பேச்சில் அப்படியொரு பொதுப்பெயர் இல்லை. ஷீப் என்றால் செம்மறி, கோட் என்றால் வெள்ளாடு. இரண்டும் வேறு வேறு. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் மேய்ப்பன் செம்மறிகளை வலப்பக்கத்திலும் வெள்ளாடுகளை இடப்பக்கத்திலும் நிறுத்துகிறான். நல்லதையும் தீயதையும் பிரிப்பதற்கு ‘ஷீப்பையும் கோட்டையும் பிரிப்பது’ என்று ஆங்கிலத்தார் சொல்வது இதை வைத்துத்தான். இதை ‘ஆடுகளிலிருந்து ஆடுகளைப் பிரித்தார்கள்’ என்று எழுதினால் பொருளே இல்லை. வேதப் பகுதியாக இருந்தால் செம்மறி, வெள்ளாடு என்றே எழுதுங்கள். செய்திக் கட்டுரையாக இருந்தால் ‘நெல்லையும் பதரையும் பிரித்தார்கள்’ என்பது போதும்.

ஆகவே சொல்லை மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வாக்கியத்தில் வருவது விலங்கா, கறியா, கம்பளியா, மனிதனா?

விலங்கு என்றால் வேலை எளிது. பன்மையிலும் அது ‘ஷீப்’தான், ‘ஷீப்ஸ்’ என்று வராது. ஒன்றா பலவா என்பதை வினையிலிருந்தும் எண்ணிலிருந்தும்தான் கண்டுகொள்ள வேண்டும். ‘இஸ்’ வந்தால் ஒன்று, ‘ஆர்’ வந்தால் பல. பேசும்போது நெடிலை விடாதீர்கள். குறிலாக்கி ‘ஷிப்’ என்றால் அது கப்பல். குட்டிக்கு உரிய ‘லேம்ப்’ என்ற சொல்லில் கடைசி ‘பி’ எழுத்தில் மட்டுமே உண்டு. ஒலித்தால் கேட்பவருக்கு விளக்கு என்று படும். ‘ராம்’ கிடா, ‘யூ’ பெட்டை, ‘வெதர்’ காயடித்த கிடா. கிடா என்பதை வெள்ளாட்டுக்கும் சொல்வதால், முதல் முறை ‘செம்மறிக் கிடா’ என்று எழுதிவிடுவது நல்லது.

கறிக்கு வந்தால் சொல்லே மாறுகிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆண்டவர்களின் மொழி பிரெஞ்சாயிற்று. மேய்த்தவர்களின் ‘ஷீப்’ தொழுவத்தில் நின்றுவிட்டது. பிரெஞ்சு ‘மூட்டோன்’ உணவு மேசைக்குப் போய் ‘மட்டன்’ ஆனது. பிரிட்டனில் மட்டன் என்றால் முதிர்ந்த செம்மறியின் கறி. ஒரு வயதுக்குள் இருப்பது ‘லேம்ப்’. நம் ஊர்க் கறிக்கடையில் மட்டன் வெள்ளாடாகவும் இருக்கும், செம்மறியாகவும் இருக்கும். பிரிட்டன் சமையல் குறிப்பில் வரும் ‘லேம்ப்’பை மட்டன் என்று மாற்றினால் வேகும் நேரம் தப்பிப்போகும். இளங்குட்டிக்குச் சொன்ன நேரத்தில் முற்றிய வெள்ளாட்டுக்கறி வேகாது. ‘செம்மறிக் குட்டிக் கறி’ என்று தெளிவாக எழுதுங்கள்.

கம்பளிச் சொற்கள் ஆங்கிலத்தில் ஏன் இத்தனை? இடைக்கால இங்கிலாந்தின் செல்வமே கம்பளிதான். பிரபுக்கள் சபையில் அவைத்தலைவர் இன்றும் கம்பளி திணித்த இருக்கையில்தான் அமர்கிறார். இந்தச் சொற்களுக்குத் தமிழில் நல்ல இணைகள் உண்டு. ரோமத்தைக் கத்தரிப்பதைக் குறிக்கும் ‘ஃப்ளீஸ்’ என்ற வினை, ஒருவரிடம் இருப்பதையெல்லாம் பறிப்பதையும் குறிக்கும். நாம் ‘மொட்டையடித்துவிட்டான்’ என்கிறோம். ‘கண்மேல் கம்பளியை இழுப்பது’ நமக்குக் கண்ணில் மண்ணைத் தூவுவது. நூலாக நூற்பதற்கு முன்பே சாயம் ஏற்றிய கம்பளி எளிதில் வெளுக்காது. அதனால் கொள்கையில் ஊறிப்போனவரை ‘டைட் இன் த வுல்’, அதாவது கம்பளியிலேயே சாயம் ஏறியவர், என்பார்கள்.

மனிதர்களைக் குறிக்கும்போதுதான் அதிகம் தடுமாறுகிறோம். ஒரே சொல் வெறுப்பையும் சுமக்கிறது, பரிவையும் சுமக்கிறது. அரசியல் கட்டுரையில் மக்களை ஷீப் என்றால் யோசிக்காமல் பின்னால் போகிறவர்கள் என்று பொருள். ‘ஆட்டு மந்தை’ அப்படியே பொருந்தும். தேவாலயத்தில் அதே மந்தை காக்கப்படுகிற குடும்பம். ‘பாஸ்டர்’ என்பது மேய்ப்பனுக்கான லத்தீன் சொல். தமிழ்க் கத்தோலிக்கர் பிஷப்பை ஆயர் என்று அழைப்பதும் இதே உருவகம். இயேசுவைக் குறிக்கும் ‘லேம்ப் ஆஃப் காட்’ சீர்திருத்தத் திருச்சபையினருக்குத் ‘தேவ ஆட்டுக்குட்டி’, கத்தோலிக்கருக்கு ‘இறைவனின் செம்மறி’. எந்தச் சபையின் வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்று பார்த்து எடுங்கள். மாற்றி எழுதினால் வழிபாட்டில் பழகிய காதுக்கு உடனே உறுத்தும்.

‘பிளாக் ஷீப்’ மிகப் பெரிய பொறி. கறுப்பு ரோமத்தில் வேறு சாயம் ஏறாது, விலையும் குறைவு. அதனால் குடும்பத்துக்கு ஒவ்வாத, தலைகுனிவு தந்த பிள்ளைக்கு அந்தப் பெயர். நம் நாளிதழ்களில் ‘காவல்துறையில் உள்ள கறுப்பு ஆடுகள்’ என்றால் உள்ளேயிருந்து துரோகம் செய்பவர்கள், லஞ்சம் வாங்குபவர்கள். ஓவியம் படிக்கப் போனதால் வீட்டாரின் கோபத்துக்கு ஆளான மகனை ஆங்கிலத்தில் பிளாக் ஷீப் எனலாம். தமிழில் ‘கறுப்பு ஆடு’ என்று எழுதினால் அவன் துரோகியாகிவிடுவான். ‘வீட்டில் யாருக்கும் பிடிக்காத பிள்ளை’ என்று விரித்து எழுதுவதே நேர்மை.

‘ஷீப்பிஷ்’ என்பதற்கும் மந்தைக்கும் தொடர்பில்லை. செய்த தப்பு வெளிப்பட்டதும் முகத்தில் தோன்றும் அசடு அது. ‘அசடு வழியச் சிரித்தான்’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ‘ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்’ மத்தேயு 7ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. நம் வழக்கில் ‘பசுத்தோல் போர்த்திய புலி’. குறள் 273இல் இது தலைகீழாக வருகிறது: அங்கே புலித்தோல் போர்த்தி மேய்வது பசு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

‘ஆட்டுக்குட்டிக்காகத் தூக்கில் தொங்குவதற்குப் பெரிய ஆட்டுக்காகவே தொங்கலாம்’ என்ற ஆங்கிலப் பழமொழிக்குப் பின்னால் உண்மையான தூக்குமரம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆடு திருடினால் மரண தண்டனை, 1832இல்தான் நீக்கினார்கள். தமிழில் ‘முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு’ அதற்கு நெருக்கமாக வரும்.

தேர்தல் செய்திகளில் ‘பெல்வெதர்’ வரும்போது எழுத்தைக் கவனியுங்கள். அதற்கும் வானிலைக்கும் தொடர்பில்லை. கழுத்தில் மணி கட்டி மந்தைக்கு முன்னால் விடப்படும் காயடித்த கிடா அது. ஒரு தொகுதியைப் பெல்வெதர் என்றால், அது போகிற பக்கம் நாடே போகும் என்று பொருள். ‘போக்கைக் காட்டும் தொகுதி’ என்று எழுதுங்கள்.