கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: ஓ.ஆர்.எஸ். கரைப்பதும் கொடுப்பதும்

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, சில சமயம் ஒவ்வொரு முறை பால் குடித்ததும், கடுகு மஞ்சளில் திரிதிரியாக மலம் கழிக்கும். அது வயிற்றுப்போக்கு அல்ல. வழக்கத்தைவிட அடிக்கடி, துணியில் ஊறிப் பரவுகிற மாதிரி தண்ணீராகப் போனால்தான் கவனிக்க வேண்டும். "பல் முளைக்குது, அதான்" என்று சொல்லியே பல வீடுகளில் முதல் நாள் போய்விடுகிறது. பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த வயதில் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள் போகிறது, கிருமியும் கூடவே போகிறது.

பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், சில நாளில் தானாக நிற்கும். அதுவரை போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் நம் வேலை. போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் கைக்குழந்தைக்குத் தரவே கூடாது; குடல் அசைவையே முடக்கிவிடும்.

அதற்குத்தான் ஓ.ஆர்.எஸ்., தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி. பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே நுழையும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். அதனால் அளவு பிசகக் கூடாது. தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். கூடினால் உப்பு போதாது. சர்க்கரை மிகுந்த ஜூஸோ குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டு விற்ற இனிப்பு பானங்களுக்கு அந்தப் பெயர் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது இதனால்தான். வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

சொம்பு, டம்ளர் அளவை நம்பாதீர்கள். வீட்டுக்கு வீடு மாறும். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், 200 மில்லி பொட்டலத்துக்கு அளவுக்கோடு போட்ட பால் புட்டி. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கரையுங்கள். பாதிப் பொடியை எடுத்து வைத்தால் உப்பு ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம் என்று ஆகிவிடும். கரைத்தபின் சூடாக்க வேண்டாம். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

தண்ணீராகப் போகும் ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மில்லி. பாலாடையிலோ 5 மில்லி ஸ்பூனிலோ, நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் 50 மில்லி உள்ளே போய்விடும். தாகத்தில் குழந்தை மடமடவென்று குடிக்கப் பார்க்கும், விட்டால் அப்படியே வாந்தி எடுக்கும். எடுத்தாலும் நிறுத்த வேண்டாம்: பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக ஆரம்பியுங்கள். ஓ.ஆர்.எஸ். போக்கை உடனே நிறுத்தாது, அதை எதிர்பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள்.

துத்தநாக மாத்திரையும் உடனே தொடங்க வேண்டும். 20 மி.கி. மாத்திரையில் 2 முதல் 6 மாதம் வரை பாதி, அதற்கு மேல் முழுசு. ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, தினமும் ஒரு வேளை, 14 நாள். மூன்றாம் நாள் மலம் கெட்டியானதும் மாத்திரையை மறந்துவிடுவதுதான் வழக்கம். முழுக் கணக்கையும் முடித்தால் அடுத்த இரண்டு மூன்று மாதம் திரும்ப வருவது குறையும்.

தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, அடிக்கடி கொடுங்கள். பவுடர் பாலை நீர்க்கக் கரைக்க வேண்டாம். ஆறு மாதம் தாண்டியிருந்தால் பருப்புச் சாதம், இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம் எல்லாம் தரலாம். வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் நேரம்தான் போகும், தொண்டையில் காயமும் படலாம்.

டயப்பரில் சிறுநீர் எது, மலத்தண்ணீர் எது என்று தெரியாது. இந்த நாட்களில் பருத்தித் துணி கட்டுங்கள். ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, உச்சிக்குழி அமுங்கியிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். துவண்டு கிடந்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ, மலத்தில் ரத்தமோ பச்சை வாந்தியோ இருந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். விட்டுவிட்டு வீறிட்டு அழுது ரத்தமும் சளியுமாகப் போனால் அது குடல் செருகலாக (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) இருக்கலாம், மணிக்கணக்கில் தள்ளிப்போட முடியாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்த அறிகுறிகளுக்கெல்லாம் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் அரசு மையங்களில் இலவசம். முதல் தவணை தவறியிருந்தாலும் ஒரு வயதுக்குள் தொடங்கலாம்.