லண்டன் இதழில் இன்டர்ன்ஷிப் முடிகிறதா? கடைசி இரண்டு வாரத்தில் செய்யக்கூடாதவை

மாத இதழ் ஒன்றில் இன்டர்னாக இருப்பவருக்குக் கடைசி நாளோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மாத இதழ்கள் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே அடுத்த இதழ்களைத் தயாரிப்பவை. செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறவரின் கட்டுரை டிசம்பர் இதழில் வரலாம். தகவல் சரிபார்ப்பவர் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் நேரத்தில் எழுதியவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அவருடைய அலுவலக மின்னஞ்சலும் மூடப்பட்டிருக்கும். பதில் கிடைக்காவிட்டால் அந்தப் பத்தியை எடுத்துவிடுவார்கள், சில சமயம் கட்டுரையையே நிறுத்திவிடுவார்கள்.

அதனால் ஒப்படைப்புக் குறிப்பைக் கடைசி நாள் மதியம் எழுத உட்காராதீர்கள். பத்து வேலை நாளுக்கு முன்பே தொடங்குங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம் போதும். கடைசி வடிவம் எந்தக் கோப்புறையில், என்ன பெயரில் இருக்கிறது, யாரிடம் எந்தத் தேதியில் பேசினீர்கள், பெயர் போடச் சம்மதித்தாரா, ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் எது, படங்களுக்கு அனுமதி வந்ததா, யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். செய்திக் குறிப்புக்கு எம்பார்கோ (குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை) இருந்தால் தேதியோடு மணியையும் எழுதுங்கள். டீலைன் சுருக்கெழுத்தில் எடுத்த குறிப்பை அப்படியே விட்டுப் போகாதீர்கள். ஒவ்வொருவரும் தனக்கென்று சில குறிகளை வைத்திருப்பதால் அடுத்தவருக்கு அது புரியாது. மேற்கோள்களையாவது தட்டச்சு செய்து வையுங்கள்.

பெயர் வெளியிடக்கூடாது என்ற உறுதியின் பேரில் பேசியவரின் விவரம் மட்டும் இந்தக் குறிப்பில் வரவே கூடாது. பொதுக் கோப்புறையை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பிரிட்டனின் பத்திரிகை ஒழுங்குமுறை அமைப்பான இப்சோவின் ஆசிரியர் நெறிமுறையில் 14-ஆம் பிரிவு, இரகசியமாகத் தகவல் தந்தவரைக் காப்பது பத்திரிகையாளரின் தார்மீகக் கடமை என்கிறது. பொறுப்பாசிரியருக்குச் சொல்லலாமா என்று முதலில் தகவல் தந்தவரிடமே கேளுங்கள். சம்மதித்தால், நேரில் மட்டும் சொல்லுங்கள்.

பெட்டியில் எடை கூடுகிறது என்று குறிப்பேடுகளைக் குப்பையில் போடுவது எளிதாகச் செய்துவிடக்கூடிய, மிக ஆபத்தான தவறு. இங்கிலாந்தில் அவதூறு வழக்குத் தொடரப் பொதுவாக ஓராண்டு அவகாசம் உண்டு. அந்த ஓராண்டு கட்டுரை வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் அலுவலகத்தைவிட்டுப் போன நாளிலிருந்து அல்ல. வழக்கு வந்தால் இதழுக்குக் கைகொடுப்பது உங்கள் குறிப்பேடும் ஒலிப்பதிவும்தான். தேதியும் கட்டுரைப் பெயரும் எழுதி ஒட்டி அலுவலகத்தில் ஒப்படையுங்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: அலுவலகத் தொடர்புப் பட்டியலை மொத்தமாகச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது. அந்த எண்கள் இதழுக்காகச் சேகரித்தவை, தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. நீங்களே பேசிப் பழகியவர்களுக்குக் கிளம்பும் முன் அலுவலக முகவரியிலிருந்து ஒரு வரி எழுதி, இனி யாரைத் தொடர்புகொள்ளலாம் என்றும் உங்கள் சொந்த முகவரியையும் சொல்லுங்கள். தொடர விரும்புகிறவர் தாமே எழுதுவார்.

பைலைனில், அதாவது கட்டுரையோடு எழுதியவர் பெயர் போடும் வரியில், நம் பெயர் படும் பாடு தனி. முதலெழுத்து அப்பாவின் பெயராக விரிந்து, ஒரு இதழில் ஒரு மாதிரியும் அடுத்த இதழில் வேறு மாதிரியும் வந்தால், பின்னால் தேடுகிறவருக்கு அவை இரண்டு பேர் எழுதியவையாகத் தெரியும். உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்பதைத் துணை ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். வெளியான பக்கங்களைப் பிடிஎஃப்-ஆக வாங்கிவையுங்கள், இணைய முகவரியை மட்டும் நம்பாதீர்கள். தளத்தை மாற்றியமைக்கும்போது பழைய இணைப்புகள் அறுந்துபோகும். வேலையின் பகுதியாக எழுதியதன் காப்புரிமை பொதுவாக நிறுவனத்துடையது. வெளியாகாத கட்டுரையை வேறு இதழுக்குத் தருவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை அச்சுக்குப் போகும் நாளில் கேட்காதீர்கள். ஃபிளாட்பிளானை (இதழின் பக்கத் திட்ட வரைவை) பார்த்து, இதழ் போன மறுநாள் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். மனிதவளப் பிரிவு பெரும்பாலும் பதவியையும் தேதிகளையும் மட்டுமே உறுதிசெய்யும், வேலையைப் பற்றி எழுதக்கூடியவர் உங்கள் பொறுப்பாசிரியர்தான். நீங்கள் செய்தவற்றில் நாலைந்தை அவருக்கு எழுதிக் கொடுத்தால் கடிதத்தில் சரக்கு இருக்கும்.

"இனி ஃப்ரீலான்ஸாக எழுதுங்களேன்" என்று ஆசிரியர் சொன்னால் மகிழ்ச்சிதான். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர் பிரிட்டனில் சுயதொழில் செய்யக்கூடாது. கட்டுரைக்கு இன்வாய்ஸ் அனுப்புவது சுயதொழிலாகவே கருதப்படும், விசா விதியை மீறியதாகிவிடும். படிப்பை முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசாவில் அந்தத் தடை இல்லை. ஆனால் அதற்கு மாணவர் விசா காலாவதியாகும் முன், பிரிட்டனுக்குள் இருந்தே விண்ணப்பிக்க வேண்டும்.

சம்பளம் வாங்கியிருந்தால் பி45 படிவம் (வேலையைவிட்டுப் போகும்போது நிறுவனம் தரும் சம்பள, வரி விவரம்) கைக்கு வரும்வரை விடாதீர்கள். ஒரு வரி ஆண்டில், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, 12,570 பவுண்டு வரையான வருமானத்துக்கு வரி இல்லை. சில மாதமே வேலை செய்தவரிடம் அதிகம் பிடித்திருக்க வாய்ப்புண்டு. நாட்டைவிட்டுப் போகிறவர் பி85 படிவம் மூலம் அதைத் திரும்பக் கேட்கலாம். பயணச் செலவு ரசீதுகளை அந்த மாதச் சம்பளக் கணக்கு மூடும் முன் கொடுத்துவிடுங்கள், கடைசித் தொகை வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.