ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பட்டை வரைபடம்: சிறு பிள்ளைகளுக்குக் கணக்கெடுப்பு பழக்குவது எப்படி?

சின்னப் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுக்கும்போது பெரும்பாலும் எண்களை நாமே கொடுத்துவிட்டு, கட்ட நோட்டில் பட்டை வரையச் சொல்கிறோம். பிள்ளையும் ஸ்கேல் வைத்து நேராக வரைந்து வண்ணம் அடித்துவிடும். 'இதில் இருந்து என்ன தெரியுது?' என்று கேட்டால் முழிக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதே தெரியாதபோது பாவம், வேறு என்ன செய்யும்?

அதனால் இங்கே கொஞ்சம் தலைகீழாகப் போகலாம். கேள்வி பிள்ளையுடையது, பதில் தெருக்காரர்களுடையது, முதல் வரைபடம் வீட்டுத் தரையில். பென்சில் வரைபடம் கடைசியில்தான். ஆறிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது சரியாக வரும்.

தேவையானவை அதிகமில்லை: ஒரு பரீட்சை அட்டை, நூலில் கட்டிய பென்சில், சாக்பீஸ், ஒரு கை புளியங்கொட்டை, கட்டம் போட்ட கணக்கு நோட்டு. காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு என்றால் இன்னொரு வசதியும் உண்டு. ஆத்தங்குடிக் கல் (பூ வேலை போட்ட சதுரத் தரை ஓடு) பதித்த தரை ஏற்கெனவே கட்டம் போட்டுத் தயாராக இருக்கும்.

1. கேள்வியைச் சரிசெய்வது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். 'உங்களுக்கு என்ன பலகாரம் பிடிக்கும்?' என்று பிள்ளை ஆரம்பிக்கும். நல்ல கேள்விதான், ஆனால் இருபது பேரிடம் கேட்டால் இருபது பதில் வந்து நிற்கும். நான்கைந்து பலகாரங்களை முன்பே தேர்ந்தெடுத்துக்கொண்டு, 'இதில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை எடுப்பீர்கள்?' என்று கேட்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம், தேன்குழல் என்று வைத்துக்கொள்வோம்.

உடனே ஒரு சிக்கல் வரும். சீயம் என்றால் இனிப்புச் சீயமா, மசாலாச் சீயமா? வரட்டும், அந்தச் சிக்கல் நல்லது. பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டையும் ஒரே வரிசையில் போட்டால் என்ன ஆகும், தனித்தனியாகப் போட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே பேசி முடிவுக்கு வரட்டும். தெருவில் இறங்குவதற்கு முன் எடுத்த முடிவை நடுவில் மாற்றக்கூடாது, அவ்வளவுதான் விதி. பட்டியலில் இல்லாததைச் சொல்பவர்களுக்காக 'மற்றவை' என்று ஒரு வரிசையும் இருக்கட்டும்.

அடுத்தது, கேட்கும் விதம். இரண்டு விதமாக நடித்துக் காட்டுங்கள்.

'ஆச்சி, உங்களுக்குக் கந்தரப்பம்தானே பிடிக்கும்?'

'ஆச்சி, இந்த நாலுல ஒண்ணுதான் எடுக்கலாம்னா எதை எடுப்பீங்க?'

முதல் கேள்விக்குப் பிள்ளையின் முகத்துக்காகவே ஆச்சி 'ஆமாடா' என்று சொல்லிவிடுவார். இது ஏழு வயதுக்கே நன்றாகப் புரியும், சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள்.

கிளம்புவதற்கு முன் எது ஜெயிக்கும் என்று ஒவ்வொருவரும் ஊகித்து ஒரு தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். இதைச் செய்யாவிட்டால் கணக்கெடுப்பில் பாதி சுவாரசியம் போய்விடும்.

2. குறி போடப் பழகுவது

அட்டையில் மூன்று பத்திகள்: பலகாரம், குறி, எண்ணிக்கை. பதில் வாயிலிருந்து வந்தவுடனே ஒரு கோடு. நான்கு கோடுகள் நின்றபின் ஐந்தாவதை அவற்றின் மேல் குறுக்காகப் போட வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் இதை நேர்க்கோட்டுக் குறி என்பார்கள். பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறுவது ஓர் இடத்தில்தான்: ஐந்து கோடுகளை நிற்கவைத்துவிட்டுக் குறுக்குக் கோட்டையும் போடுவார்கள், கட்டு ஆறாகிவிடும். பழகுவதற்குத் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகும் பைக், சைக்கிள், ஆட்டோ எண்ணட்டும். கால் மணி நேரம் போதும்.

3. தெருவில் இறங்குவது

இரண்டிரண்டு பேராகப் போகட்டும். ஒருவர் கேட்க, ஒருவர் குறிக்க, பாதியில் மாற்றிக்கொள்ளலாம். பின்னால் பெரியவர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல் போனால் ஆட்கள் வெளியே இருப்பார்கள். பெயரோ, வீட்டு விவரமோ எதுவும் எழுத வேண்டாம்.

'எனக்கு எல்லாமே பிடிக்கும்' என்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். 'முதல்ல எதுல கை வைப்பீங்க?' என்று ஒருமுறை கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான்.

நம் ஊருக்கே உரிய ஒரு பொறியும் இங்கே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இரண்டு தெருவிலும் கதவைத் தட்டினால் ஒரே ஆளை இருமுறை எண்ணிவிட நேரும். 'இவங்களை ஏற்கெனவே கேட்டாச்சா, எப்படித் தெரிஞ்சுக்கிறது?' என்று பிள்ளைகளிடமே விடுங்கள். வாசலில் சின்னதாகச் சாக்பீஸ் குறி போடலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார். (வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான்!) அரசாங்கக் கணக்கெடுப்பிலும் இதே சங்கதிதான். ஆட்களை எண்ணுவதற்கு முன்னால் வீடுகளைப் பட்டியலிட்டு எண் கொடுத்துவிடுவார்கள். நாடு முழுக்க ஒரே காலத்தில் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1881-இல் நடந்தது என்று சொன்னால், தாங்கள் செய்வது சும்மா விளையாட்டு இல்லை என்று பிள்ளைகளுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

4. தரையில் வரைபடம்

தரையில் வரிசையாக ஒரு நீளக் கோடு, சாக்பீஸால். கோட்டுக்குக் கீழே இருக்கும் கற்களில் பலகாரப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் மேலே, ஒரு பதிலுக்கு ஒரு கல், கல்லுக்கு நடுவில் ஒரு புளியங்கொட்டை. கல்லை விட்டுத் தாண்டக்கூடாது, ஒரே கல்லில் இரண்டு கொட்டை வைக்கக்கூடாது.

ஏன் இந்தக் கண்டிப்பு? ஒரு சோதனை செய்து பாருங்கள். கல்லைக் கணக்கில் எடுக்காமல், மூன்று கொட்டாங்கச்சிகளை ஒன்றையொன்று ஒட்டி நீளமாக அடுக்குங்கள். பக்கத்தில் ஐந்து புளியங்கொட்டைகளை அதேபோல் அடுக்குங்கள். 'எது அதிகம்?' என்றால் சின்னவர்கள் நீளமான கொட்டாங்கச்சி வரிசையைத்தான் காட்டுவார்கள். இப்போது அவற்றையே கல்லுக்கு ஒன்றாக வைத்தால் ஐந்து, மூன்றைத் தாண்டி நிற்கும். ஒரே கோட்டில் தொடங்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு இடம் வேண்டும் என்ற இரண்டு விதிகளையும் நீங்கள் வாய் திறந்து சொல்லவே வேண்டாம்.

வேறு தரை உள்ள வீடு என்றால் முற்றத்தில் கட்டம் போட்டுக்கொள்ளலாம், சதுரங்கள் மட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

5. தாளுக்கு மாற்றுவது

உதாரணத்துக்கு இருபது பேரில் வெள்ளைப் பணியாரம் 8, கந்தரப்பம் 5, இனிப்புச் சீயம் 4, தேன்குழல் 3 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். தரையில் எண்ணிய கற்களை அப்படியே நோட்டுக் கட்டங்களில் நிரப்பினால் பட்டை வரைபடம். பட்டைகள் ஒரே அகலம், இடைவெளியும் ஒரே அளவு.

ஓர் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே இருங்கள். தரையில் பிள்ளை எண்ணியது கற்களை, தாளில் எண் எழுத வேண்டியதோ கோடுகளுக்கு. அடிக்கோட்டிலேயே 1 என்று எழுதிவிடும் பிள்ளைகள் அதிகம். 'இந்தக் கோட்டுல நிக்கும்போது எத்தனை கொட்டை வச்சிருக்கோம்?' என்று கேளுங்கள். 'ஒண்ணும் இல்ல' என்பார்கள். அப்போ அங்கே 0.

எட்டு ஒன்பது வயதுக்காரர்கள் பட விளக்கப்படமும் போடலாம். ஒரு பணியாரப் படம் இரண்டு பேருக்கு என்று ஓரத்தில் எழுதிக்கொண்டால், 8 பேருக்கு நான்கு படங்கள், 5 பேருக்கு இரண்டரை. பணியாரம் வட்டம் என்பதால் பாதியாக வரைவதும் சுலபம். தேன்குழலைப் பாதியாக வரையச் சொன்னால் தொலைந்தோம். எல்லா வரிசைக்கும் பணியாரப் படத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786-இல் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியை நாடுவாரியாகக் காட்டப் பட்டை வரைபடம் வெளியிட்டார். பர்மா, மலாயா என்று கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன குடும்பங்கள் இருக்கும் ஊர் இது. வணிகக் கணக்கில் பிறந்த படம் என்றால் வீட்டு ஐயாக்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

6. படத்தைப் படிப்பது

முதலில் நேரான கேள்விகள்: கந்தரப்பம் எத்தனை பேர்? பணியாரம் தேன்குழலைவிட எத்தனை அதிகம்? மொத்தம் எத்தனை பேரைக் கேட்டோம்? மடித்து வைத்த ஊகத் தாள்களையும் இப்போது பிரிக்கலாம்.

அப்புறம் கொஞ்சம் வம்பான கேள்விகள். 'அப்போ செட்டிநாடு முழுக்க வெள்ளைப் பணியாரம்தான் பிடிக்கும், சரியா?' சிலர் சட்டென்று சரி என்பார்கள். 'நாம யார் யாரைக் கேட்டோம்?' என்று கேட்டால் யோசிப்பார்கள். ஒரே தெரு, சாயங்காலம் திண்ணையில் இருந்தவர்கள், அதிலும் பெரும்பாலும் பெரியவர்கள். 'பணியாரத்தை ஏன் நிறையப் பேர் சொன்னாங்க?' என்பதற்கும் படத்தில் பதில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத் திரும்பவும் போய்த்தான் கேட்க வேண்டும்.

ஆர்வம் குறையாமல் இருந்தால் அடுத்த வாரம் இதே கேள்வியை, இதே எண்ணிக்கையில், தெருப் பிள்ளைகளிடம் மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள். பழைய புளியங்கொட்டை வரிசைகளுக்குப் பக்கத்திலேயே புதிய பதில்களுக்கு மஞ்சாடி விதை வைத்து அடுக்கலாம். பலகாரம் வேண்டாம் என்று அலுத்துவிட்டால், 'பள்ளிக்கு எதில் வருகிறாய்?' என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது.