மெட்ராஸ் டெரஸ் வீட்டில் கரண்ட் பில்லைக் குறைக்க

சென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கம் தேக்கு உத்தரமும், அதன் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும், சுண்ணாம்புச் சுவரும் உள்ள வீடா உங்களுடையது? ஏசி விலை விசாரிக்கும் முன் மொட்டை மாடியைப் பாருங்கள். வெயில் அதிகம் இறங்குவது அங்கேதான்.

படி 1: மாடிக்கு வெள்ளை

மழைக்காலம் முடிந்து, மாசி பங்குனியில் செய்யுங்கள். முதலில் தட்டோட்டு (மாடித் தரையில் பதித்த தட்டை ஓடு) விரிசல்களைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். சிமென்ட் வேண்டாம், அது இறுகி ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், கடைசியில் உத்தரம்தான் உளுத்துப்போகும்.

இரும்பு டிரம்மில் தண்ணீர் ஊற்றி, சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சீறித் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது. இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரையுங்கள். வெயில் தாழ்ந்ததும் தரையை நனைத்துப் பூசுங்கள். பூசும்போது தண்ணீராகத்தான் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். இரண்டு மூன்று கை பூசினால் போதும். மழையில் கரையும், அதனால் வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை.

படி 2: அடைத்ததைத் திறப்பது

கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டையால் மூடியிருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு வலை அடியுங்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேற அதுதான் வழி. முற்றத்தின் மேல் ஷீட் போட்டிருந்தால், சுற்றிலும் ஒரு முழமாவது இடைவெளி இருக்கும்படி உயர்த்துங்கள். மதியம் கடல்காற்று திரும்பியதும் கிழக்கு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியை இறக்குங்கள். உள்ளே தொங்கும் திரை அந்த வேலையைச் செய்யாது, வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டதே!

படி 3: ஃபேன், விளக்கு

பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புது ரக மோட்டார் உள்ள பிஎல்டிசி (BLDC) ஃபேன் சுமார் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். 500 யூனிட்டை ஒட்டி நிற்பவர்களுக்கு இது பெரிய விஷயம், அதைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளின் கட்டணமும் ஏறும். குண்டு பல்பு இருந்தால் எல்இடி மாட்டுங்கள். ஆனால் பழைய வயரிங்கை முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏசி தேவைப்பட்டால் ஒரே ஒரு சின்ன அறைக்கு மட்டும். அந்த அறை வென்டிலேட்டருக்குத் திறந்து மூடும் மரக்கதவு போடுங்கள். ஃபால்ஸ் சீலிங் எனக்குப் பிடிக்காது. உத்தரத்தில் கரையான் ஏறினால் கண்ணுக்கே தெரியாது.