யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பணம் குறைந்தால் எங்கே பார்ப்பது

2012-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிரிட்டனில், வேலை செய்யும் வயதில் உள்ளவர்களுக்கு வாடகை உதவியும் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைக்குள் வந்துவிட்டது. மாதம் ஒரு முறை உங்கள் கணக்கில் பணம் விழும். வாடகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். தொகை குறைந்தால் போனை எடுக்கும் முன், ஆன்லைன் கணக்கில் அந்த மாத ஸ்டேட்மென்டைத் திறந்து வாடகைத் தொகை எழுதியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். இங்கிலாந்து நிலவரம்தான் இங்கே சொல்வது.

அதிகம் பிசகுவது வாடகைக் கணக்கு. வாரம் 120 பவுண்ட் வாடகையை நாலால் பெருக்கி மாதம் 480 என்று போட்டுவிடுகிறார்கள். 120 × 52 ÷ 12 = 520 என்பதே சரி. வாரம் என்று குறித்து 120 என்றே போடுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். திங்கள்தோறும் வாடகை என்றால் ஐந்து திங்கள் வரும் மாதம் 600 கட்ட வேண்டும், கைக்கு வருவதோ அதே 520. நான்கு திங்கள் மாதங்களில் மிஞ்சும் 40-ஐ எடுத்துவைத்தால் எட்டு மாதத்தில் 320 சேரும். ஐந்து திங்கள் வரும் நான்கு மாதங்களின் குறையும் அதே 320தான். அந்த 40-ஐச் செலவழித்தவர்கள்தான் பாக்கியில் மாட்டுகிறார்கள்.

கவுன்சில் அல்லது ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் அமைப்பு) வீட்டுக்கு ஏப்ரலில் வாடகை ஏறினால் ஜர்னலில், அதாவது ஆன்லைன் கணக்கின் செய்திப் பக்கத்தில், ஒரு வேலை வந்து நிற்கும். புது வாடகை தொடங்கும் நாளன்றோ அதற்குப் பிறகோ, கடிதத்தில் உள்ள தொகையைப் பார்த்து நிரப்புங்கள். தாமதமாகச் சொன்னால் சொன்ன கணக்கு மாதத்திலிருந்துதான் கூட்டித் தருவார்கள். உங்கள் வீட்டுக்குள் எரியும் மின்சாரம், ஹீட்டிங் கட்டணத்தை வாடகையோடு சேர்க்க முடியாது.

அடுத்து அறைக் கணக்கு. இதே வீடுகளில் ஓர் அறை கூடுதல் என்றால் வாடகையில் 14 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 சதவீதம் வெட்டு. அண்ணனும் தங்கையும் இருவருமே 10 வயதுக்குக் கீழ் என்றால் ஒரே அறைதான். ஒருவருக்கு 10 முடிந்தால் தனித்தனி அறை. ஆணோ பெண்ணோ ஒரே பாலினத்தவர் 16 வரை பகிர வேண்டும். பிறந்தநாள் கடந்த மாதத்தில் வெட்டு எடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி அடிபடுவது 21 வயது தாண்டி வீட்டோடு இருக்கும் மகன் அல்லது மகள். 2025–26-இல் தலைக்கு மாதம் 93.02 பவுண்ட் கழித்தார்கள். பிள்ளை எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பார்ப்பதில்லை. உங்களுக்கு பிஐபி-யின் (நோய் அல்லது உடற்குறைபாட்டுக்கான உதவித்தொகை) அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைத்தால் இந்தக் கழிவே கூடாது. இதைச் சொல்லாமல் இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

தனியார் வீடு என்றால் உங்கள் பகுதிக்கு அரசு வைத்த வரம்புக்கு மேல் கிடைக்காது. 2024 ஏப்ரலில் உயர்த்திய வரம்பை 2025-இல் தொடவே இல்லை, வாடகையோ ஏறியது. பிள்ளையில்லாமல் தனியாக இருக்கும் 35 வயதுக்குட்பட்டவருக்குப் பெரும்பாலும் பகிர்ந்த அறைக்கான தொகை மட்டுமே.

எல்லாம் சரி, ஆனாலும் குறைகிறதா? எல்லா உதவித்தொகையும் சேர்த்து இவ்வளவுதான் என்ற உச்சவரம்பாக இருக்கலாம். 2023 ஏப்ரலிலிருந்து லண்டனில் குடும்பத்துக்கு மாதம் 2,110.25, வெளியே 1,835. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே பணம் தரும் இரண்டு குழந்தைக் கட்டுப்பாடு 2026 ஏப்ரலில் நீங்கும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், ஆனால் இந்த வரம்பு நீங்கவில்லை. ஏற்கெனவே வரம்பில் முட்டி நிற்கும் மூன்று பிள்ளைக் குடும்பத்துக்கு அதனால் ஒரு பென்னியும் கூடுதலாகக் கிடைக்காது. வேலைச் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினாலோ, உங்களுக்கோ துணைவருக்கோ உங்கள் பொறுப்பில் உள்ள பிள்ளைக்கோ பிஐபி வந்தாலோ விலக்கு உண்டு.

தவறு அவர்களுடையது என்றால், முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். ஸ்டேட்மென்டில் எந்தத் தொகை, எவ்வளவு, ஏன் தவறு என்று ஜர்னலில் எழுதினாலே போதும். வாடகைக் கடிதத்தின் படத்தையும் கொடுங்கள். வீட்டுக்காரருக்கு அதே வாரம் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கவுன்சில் டாக்ஸ் குறைப்பு இந்தப் பணத்தில் இல்லை. அதற்குக் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.