இரு தொனி சோதனைக்கு முன் ஒரு சின்ன வேலை

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கல்லூரி ஆய்வகங்களில் ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்கும் மாணவர்களுக்கு இது. 100, 101 மெகாஹெர்ட்ஸில் சம அளவில் இரண்டு சிக்னல் கொடுத்தால், ஸ்பெக்ட்ரம் அனலைசர் (சிக்னல்களை அதிர்வெண் வாரியாகக் கோடுகளாகக் காட்டும் கருவி) திரையில் 99-லும் 102-லும் மூன்றாம் நிலை இடைக்கலப்பு, அதாவது இரண்டு சிக்னலும் கலந்து பிறக்கும் வேண்டாத கோடுகள், தெரியும். அது ஆம்ப்ளிஃபயருடையதுதானா? இரண்டையும் ஒன்றுசேர்க்கும் காம்பைனர் வழியாக ஒரு சிக்னல் ஜெனரேட்டரின் சிக்னல் மற்றதற்குள் புகுந்தாலே அதே கோடுகள் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் காம்பைனருக்கும் நடுவே சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் (டிபி) அட்டெனுவேட்டர் போடுங்கள். குறைந்த அளவை ஜெனரேட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் உள் அட்டெனுவேஷனை 10 டிபி கூட்டிப் பாருங்கள். அந்தக் கோடுகள் இறங்கினால் அவை அனலைசருக்குள் பிறந்தவை. ஐப்பசி அடைமழைக்குப் பிறகு கனெக்டர்களையும் துடைத்துப் பாருங்கள், களிம்பேறிய பித்தளையும் இடைக்கலப்பை உண்டாக்கக்கூடும்.